கருங்கல் சொன்ன கடலின் கதை



வகுப்பறையில் நான் சொன்ன தவறான விடை ஒன்றைத் திருத்திக் கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பள்ளி விடுமுறை முடிந்து வந்த மாணவி ஒருத்தி, என் மேசைமீது இரண்டு கற்களை வைத்தாள். ஒன்று, தாப்பாவில் பாட்டி வீட்டருகே பொறுக்கியது. வெளிர் சாம்பல் நிறம். அதனுள் விரல்நுனி அளவுக்கு வெள்ளைப் படிகங்கள். மற்றொன்று, குவாந்தானில் மாமா வீட்டருகே கிடைத்தது. அதில் கரும்புள்ளிகள் மிகுதி. "ஐயா, இரண்டும் கருங்கல்தான் என்று அப்பா சொன்னார். பிறகு ஏன் ஒரே மாதிரி இல்லை?" என்று கேட்டாள்.

"இரண்டும் கருங்கல்தான் அம்மா. எரிமலைக் குழம்பு வழிந்தோடி ஆறினால் கருங்கல் ஆகும்" என்றேன். பின்வரிசை மாணவன் ஒருவன் உடனே எழுந்தான். "நம் நாட்டில் எரிமலையே இல்லையே, ஐயா?" என்றான். "இல்லைதான், எப்போதுமே இருந்ததில்லை. வேறெங்கிருந்தோ வந்திருக்கும்" என்று சொல்லிச் சமாளித்தேன். நல்லவேளையாக மணி அடித்தது.

அன்றிரவு எனக்கு மனம் ஒப்பவில்லை. நூலகத்தில் தேடினேன், மலேசியப் புவியியலாளர்களின் கட்டுரைகளைப் படித்தேன். ஒரே நேரத்தில் மூன்று தவறுகள் செய்திருக்கிறேன் என்பது புரிந்தது. கருங்கல் வழிந்தோடிய குழம்பன்று. அது வேறெங்கிருந்தும் வரவில்லை. இந்நாட்டில் எரிமலைகள் இருந்தன. இவற்றுக்கெல்லாம் மேலாக, நம் தீபகற்பத்தின் நடுவே ஒரு பெருங்கடல் இருந்து மறைந்திருக்கிறது. அக்கடலின் வரலாற்றைச் சொல்லும் சாட்சிகளே அம்மாணவி கொண்டுவந்த இரண்டு கற்களும்.

கருங்கல் எங்கே பிறக்கிறது?

பாறைக்குழம்பு நிலத்துக்கு மேலே வந்து வழிந்தால் விரைந்து ஆறிவிடும். படிகங்கள் வளர நேரம் இராது. ஆகவே எரிமலைப் பாறைகளின் துகள்கள் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படா. கருங்கல் அப்படியன்று. அதைக் கையிலெடுத்துப் பார்த்தால் கண்ணாடி போன்ற குவார்ட்ஸ், வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஃபெல்ட்ஸ்பார், மின்னும் காக்காப்பொன் ஆகியவை தனித்தனியே தெரியும். நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் தேங்கி, மிக மெதுவாக ஆறியதன் அடையாளம் அது.

அப்படியானால் தாப்பாவின் கல் வெளியே வந்தது எப்படி? அதற்கு மேலே கிடந்த பாறைகளை எல்லாம் மழையும் ஆறுகளும் பல மில்லியன் ஆண்டுகளாக அரித்துச் சென்றுவிட்டன. (ஒரு மில்லியன் என்பது பத்து நூறாயிரம் என்பதை மாணவர்களுக்கு நினைவூட்டுதல் நலம்.) ஆக, இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் தித்திவங்சா மலைத்தொடர், ஒரு காலத்தில் நிலத்தடியில் புதைந்திருந்த அடித்தளமாகும்.

கடல் எப்படி மறையும்?

கடலடித் தரை நிலையானதன்று. நடுக்கடல் மலைத்தொடர்களில் அது புதிதாகத் தோன்றுகிறது. பின்னர் இருபுறமும் நகர்கிறது. வயதாக ஆகக் குளிர்ந்து அடர்த்தி மிகுகிறது. இறுதியில் ஒரு கண்டத்தின் விளிம்பிலோ தீவு வரிசையின் ஓரத்திலோ வளைந்து, பூமியின் ஆழத்துக்குள் இறங்கிவிடுகிறது. இதனைக் கீழமிழ்வு என்பர்.

இதனால் ஒரு விந்தை நேர்கிறது. பூமியின் வயது ஏறத்தாழ 4,500 மில்லியன் ஆண்டுகள். ஆனால் இன்றுள்ள பெருங்கடல்களின் தரையில் 200 மில்லியன் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பகுதி ஏறத்தாழ இல்லை. பழைய கடல்கள் தம் தரையைத் தாமே விழுங்கிவிட்டன. கடலின் வரலாற்றைக் கடலில் தேடினால் கிடைக்காது. நிலத்தில்தான் தேட வேண்டும்.

நிலத்தில் அது எவ்வாறு பதிவாகிறது? கடலடிப் பாறை நெடுங்காலம் நீரில் ஊறியது. அதன் தாதுக்களுக்குள்ளேயே நீர் பிணைந்திருக்கும். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்துக்கு அது இறங்கும்போது, வெப்பமும் அழுத்தமும் அந்நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. மேலே இருக்கும் சூடான மூடகப் பாறையில் அந்நீர் கலந்ததும், அப்பாறையின் உருகுநிலை தாழ்ந்துவிடுகிறது. அதுவரை உருகாமல் இருந்த பாறை உருகத் தொடங்குகிறது. அக்குழம்பு மேலெழுந்து, ஒரு பகுதி எரிமலையாய் வெடிக்கிறது. மறுபகுதி அடியிலேயே தேங்கிக் கருங்கல்லாகிறது. எரிமலைகள் அரிந்து போனபின்னும் அவற்றின் வேராகிய கருங்கல் எஞ்சி நிற்கும். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் இன்றும் இவ்வாறே நிகழ்ந்து வருகிறது.

ஆகவே ஒரு நாட்டில் கருங்கல் வரிசை ஒன்று நீண்டு கிடந்தால், "இதனருகே ஏதேனும் கடல் அமிழ்ந்ததா?" என்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள்.

இரண்டு கற்கள், இரண்டு பிறப்புகள்

1974ஆம் ஆண்டு புரூஸ் சாப்பெல், ஆலன் வைட் என்னும் இரு அறிஞர்கள், தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் கருங்கற்களை ஆராய்ந்து அவற்றை இரண்டாகப் பிரித்தனர். பழைய தீப்பாறைகள் உருகிப் பிறந்தவை 'ஐ' வகை. களிமண், மணல் முதலியன படிந்து உண்டான பாறைகள் உருகிப் பிறந்தவை 'எஸ்' வகை. முதல் வகையில் ஹார்ன்பிளெண்ட் என்னும் கருந்தாது இருப்பதுண்டு. இரண்டாம் வகையில் அது இராது. வெள்ளைக் காக்காப்பொன்னும் சில இடங்களில் செம்மணிக்கல்லும் காணப்படும்.

இந்தக் கண்ணாடியை அணிந்துகொண்டு நம் தீபகற்பத்தைப் பார்த்தால் ஒரு தெளிவான ஒழுங்கு தென்படுகிறது. பகாங், திரங்கானு, கிழக்கு ஜொகூர் ஆகிய கிழக்குப் பகுதிகளின் கருங்கற்கள் பெரும்பாலும் 'ஐ' வகை. கடல் அமிழும் ஓரத்தில் பிறப்பவை இவ்வகையே. மேற்கே தித்திவங்சாத் தொடரின் கருங்கற்களோ பெரும்பாலும் 'எஸ்' வகைப் பண்புகள் கொண்டவை. கண்டத்தின் தடித்த மேலோடு தானே உருகியதால் பிறந்தவை அவை. குவாந்தான் கல்லுக்கும் தாப்பா கல்லுக்கும் உள்ள வேறுபாடு வெறும் நிற வேறுபாடன்று, பிறப்பு வேறுபாடு.

கல்லுக்குள் கடிகாரம்

எது முந்தியது என்று எப்படி அறிவது? கருங்கல்லுக்குள் சிர்க்கான் என்னும் நுண்ணிய படிகங்கள் உள்ளன. அவை உருவாகும்போது யுரேனியத்தைச் சிறிதளவு உள்ளே ஏற்கும், காரீயத்தை ஏற்பதில்லை. யுரேனியமோ காலம் செல்லச் செல்லக் காரீயமாக மாறும். யுரேனியம்-238இல் பாதி, காரீயமாக மாற ஏறத்தாழ 4,470 மில்லியன் ஆண்டுகள் ஆகும். எனவே படிகத்துள் இருக்கும் காரீயம் முழுவதும் உள்ளேயே பிறந்தது. இரண்டின் விகிதத்தை அளந்தால் கல்லின் வயது வந்துவிடும்.

இம்முறையில் நம் தீபகற்பக் கருங்கற்களை அளந்த விரிவான ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. கிழக்குக் கருங்கற்களின் வயது 289 முதல் 220 மில்லியன் ஆண்டுகள் வரை. மேற்கின் முதன்மைத் தொடருக்கோ 227 முதல் 201 மில்லியன் ஆண்டுகள் வரை.

இவ்வெண்களை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கிழக்கில் ஏறத்தாழ 70 மில்லியன் ஆண்டுகள் கருங்கல் பிறந்துகொண்டே இருந்தது. அது ஓயும் தறுவாயில் மேற்கில் தொடங்கியது. அங்கே ஏறத்தாழ இருபத்தாறு மில்லியன் ஆண்டுகளில் முடிந்துவிட்டது. முதல் கணக்கு ஒரு கடல் அமிழ்ந்துகொண்டிருந்த காலத்தைக் காட்டுகிறது. இரண்டாவது, கடல் முடிந்து இரு நிலங்கள் மோதித் தடித்த காலத்தைக் காட்டுகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. முதன்மைத் தொடரின் சிர்க்கான்கள் சிலவற்றில் மிகப் பழைய கரு இருக்கிறது. 1,500 மில்லியன் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு கண்டத்தின் பொருள் உருகியே இக்கருங்கல் ஆயிற்று என்பதை 1985இலேயே ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். பழைய செங்கல்லைப் புதுச்சுவரில் வைத்துக் கட்டியது போன்றது இது.

தையல் போட்ட இடம்

இரண்டு கருங்கல் வரிசைகளுக்கும் நடுவே, பகாங்கின் ரவுப், பெந்தோங் வழியாக வடக்குத் தெற்காக ஒரு கோடு செல்கிறது. பெந்தோங்–ரவுப் பொருத்து வலயம் என்பது அதன் பெயர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் ஹட்சிசன், 1970களில் இக்கோட்டின் முதன்மையை எடுத்துரைத்தார். கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் குவாந்தான் செல்லும் ஒவ்வொருவரும் இதனைக் கடக்கிறார்கள். வழியில் வரும் கெந்திங் செம்பாவில் எரிமலைப் பாறைகள் உள்ளன. "எரிமலை இருந்ததில்லை" என்ற என் விடையை மறுக்க அதுவே போதும்.

அக்கோட்டின் ஓரமாகச் சிதைந்து குழம்பிய பாறைகளும், ஆழ்கடலில் படிந்த செர்ட் என்னும் கடினப் பாறைகளும் கிடைக்கின்றன. செர்ட்டை மெருகிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், ரேடியோலேரியா எனும் நுண்ணுயிரிகளின் ஓடுகள் தெரியும். டிவோனியன் காலம் முதல் பெர்மியன் காலம் வரை வாழ்ந்தவை அவை. நூறு மில்லியன் ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே ஆழ்கடல் இருந்தது என்பதற்கு அவற்றைவிட நேரான சான்று வேண்டுவதில்லை.

கோட்டின் இருபுறமும் இருந்த நிலங்கள் ஒன்றுக்கொன்று அயலானவை. லங்காவியின் சிங்கா பாறைப் படிவுகளில், கடலடிச் சேற்றுக்குள் விழுந்து பதிந்த கற்கள் உள்ளன. மிதந்து வந்த பனிக்கட்டி உருகியபோது விழுந்த கற்கள் அவை. இன்று வெயில் கொளுத்தும் லங்காவி, பெர்மியன் காலத்தின் தொடக்கத்தில் பனி சூழ்ந்த தென்பெருங்கண்டமான கோண்டுவானாவை ஒட்டிக் கிடந்தது. கிழக்கே, பகாங்கின் ஜெங்கா கணவாயில் அதே பெர்மியன் காலத்து வெப்பமண்டல இலைகளின் புதைபடிவங்கள் உள்ளன. ஒருபுறம் பனி, மறுபுறம் மழைக்காடு. நடுவே பெருங்கடல்.

மேற்கு நிலத்துக்கு இயன் மெட்கால்ஃப் 1984இல் 'சிபுமாசு' என்று பெயரிட்டார். பர்மாவின் கிழக்குப் பகுதி, தாய்லாந்தின் மேற்குப் பகுதி, மேற்கு மலாயா, சுமத்ரா ஆகியவற்றை இணைத்துச் சுட்டும் பெயர் அது. மறைந்த கடலுக்குப் பழந்தெத்தீஸ் என்று பெயர். தெத்தீஸ் என்பது கிரேக்கக் கடல் தெய்வம் ஒருத்தியின் பெயர். ஆஸ்திரிய அறிஞர் எடுவர்டு சூயஸ் 1893இல் ஒரு பண்டைக் கடலுக்கு அப்பெயரை இட்டார்.

இப்போது எல்லாவற்றையும் கோத்துப் பார்ப்போம். கடல் அமிழும்போது பிறக்கும் 'ஐ' வகைக் கற்கள் கோட்டுக்குக் கிழக்கே உள்ளன. ஆகவே கடற்றரை கிழக்கு நோக்கிச் சரிந்து அமிழ்ந்தது. ட்ரையாசிக் காலத்தில் கடல் தீர்ந்துபோயிற்று. அதன்பின் வந்த சிபுமாசு, கிழக்கு நிலத்தோடு மோதியது. மேலோடு மடிந்து தடித்தது. அதன் அடிப்பகுதி வெப்பம் தாங்காமல் உருகியது. அவ்வுருக்கே தித்திவங்சா. கடல் மறைந்தது, அது அமிழ்ந்த திசையையும் காலத்தையும் கருங்கல் காத்து வைத்திருக்கிறது.

குமரிக்கண்டத்தை விழுங்கிய கடல் இதுதானோ என்று சிலர் கேட்கக்கூடும். அன்று. இக்கடல் மூடி 200 மில்லியன் ஆண்டுகளுக்கு மேலாகிறது. மனித இனத்தின் வயதோ ஏறத்தாழ 300,000 ஆண்டுகளே. இலக்கிய மரபையும் பாறைச் சான்றையும் குழப்பிக் கொண்டால் இரண்டுக்குமே நீதி செய்தவர்கள் ஆகமாட்டோம்.

முடியாத வழக்கு

இவ்வளவையும் முடிந்த முடிபாக மாணவர்களிடம் சொல்லிவிடக் கூடாது. மேற்கின் கருங்கல் முழுவதையும் 'எஸ்' வகை என்று முத்திரை குத்தலாகாது என்று அண்மைய ஆய்வுகள் எச்சரிக்கின்றன. அவற்றுள் பல, இரு வகைகளுக்கும் இடைப்பட்ட பண்புகள் உடையவை. அமிழ்ந்தது ஒரே இடத்திலா, இரண்டு இடங்களிலா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. கடல் இருந்ததா என்பதில் ஐயமில்லை. அது மூடிய விதத்தில்தான் விவாதம். அறிவியல் என்பது மனனம் செய்யும் விடைத்தொகுப்பு அன்று என்பதை உணர்த்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எது?

அந்தக் கல்லும் நாமும்

இது நமக்கு எதற்கு என்று பெற்றோர் எண்ணலாம். நம் மூதாதையர் இம்மண்ணுக்கு வந்த வரலாற்றிலும் இக்கருங்கல்லுக்குப் பங்குண்டு.

மேலோட்டுப் படிவுகள் உருகிய குழம்பில், வெள்ளீயம் எளிதில் பிரிந்துவிடாமல் கடைசிச் சொட்டு வரை தங்கும். குழம்பு பெரும்பாலும் உறைந்தபின், எஞ்சிய சூடான நீர்மத்தோடு சேர்ந்து பிளவுகளில் படியும். பின்னர் மழை கருங்கல்லை அரித்தபோது, கனமான ஈயத்தாது அடித்துச் செல்லப்படாமல் பள்ளத்தாக்குகளில் தங்கியது. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் குழிகள் அதனைப் பிடித்து வைத்தன. ஈப்போவும் தைப்பிங்கும் கோலாலம்பூரும் இந்த ஈயத்தால் வளர்ந்தவை. (கிழக்கே சுங்கை லெம்பிங்கிலும் ஈயம் கிடைத்தது; இயற்கை நம் கோடுகளுக்கு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை.)

தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு துறைமுகத்துக்கு 1885இல் ஓடிய முதல் இரயில், ஈயத்துக்காகவே போடப்பட்டது. அதைத் தொடர்ந்து வந்த இருப்புப்பாதைகளிலும் சாலைகளிலும் தமிழர்களின் வியர்வை சிந்தியது. என் தாத்தாவும் சாலைக்குக் கல்லுடைத்தவர்தாம். தாம் உடைத்த கல்லின் வயது அவருக்குத் தெரியாது. அதன் கடினம் தெரியும். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது அக்காலம் முடிவுக்கு வந்தது. எஞ்சியவை ஈயக்குட்டைகள்.

சிங்கப்பூர் நண்பர்களும் இதனைத் தம் கதையாகக் கொள்ளலாம். புக்கிட் தீமா கருங்கல் கிழக்கு வரிசையைச் சேர்ந்தது. பெர்மியன், ட்ரையாசிக் காலங்களில் உறைந்தது. 1851இல் எழுந்த ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குப் புலாவ் உபின் தீவின் கருங்கல்லே சென்றது. 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்திலும் சிங்கப்பூர்க் கருங்கல் உள்ளது. மறைந்த கடல் ஈன்ற கல், இன்றைய கடலின்மீது பாதையாகக் கிடக்கிறது.

இன்றும் நடப்பது

பழங்கதை என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. சுமத்ராவின் மேற்குக் கரையை ஒட்டி இந்தியப் பெருங்கடலின் தரை இன்றும் அமிழ்ந்து வருகிறது. தோபா ஏரி, ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் அதனால் விளைந்த மாபெரும் வெடிப்பின் வடு. அதன் சாம்பல் பேராக்கின் லெங்கோங்கிலும் இந்தியாவிலும் படிந்துள்ளது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் அதே அமிழ்வு வலயம் அதிர்ந்தபோது எழுந்த ஆழிப்பேரலை, பினாங்கையும் கெடாவையும் தாக்கியது. தமிழகத்தையும் இலங்கையையும் சிதைத்தது. அன்று செய்தி கேட்டுக் கலங்கிய நம் ஒவ்வொருவருக்கும், கடற்றரை அமிழ்வது பாடநூல் செய்தியன்று. சுமத்ராவின் அடியில் இப்போதும் கருங்கல் பிறந்துகொண்டிருக்கிறது. அதனை வெயில் தொடுவதற்குப் பல மில்லியன் ஆண்டுகள் ஆகும்.

வகுப்பறைக்குத் திரும்பியபோது

அடுத்த வாரம் அந்த இரண்டு கற்களையும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குச் சென்றேன். "சென்ற வாரம் நான் சொன்னது தவறு" என்று தொடங்கினேன். வகுப்பு அமைதியாயிற்று. ஆசிரியர் தவறு என்று ஒப்புக்கொள்வது அவர்களுக்குப் புதிது போலும். கரும்பலகையில் தீபகற்பத்தை வரைந்தேன். நடுவே கோடு இழுத்தேன். மேற்கே தாப்பாக் கல்லையும் கிழக்கே குவாந்தான் கல்லையும் பிடித்துக் காட்டி, இடையில் ஒரு கடல் இருந்தது என்றேன்.

எரிமலை பற்றிக் கேட்ட மாணவன் மீண்டும் கை உயர்த்தினான். "அப்படியென்றால் பாட்டி வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் நடுவில் கடலா, ஐயா?"

"ஆம் தம்பி. நீ நன்றாகக் கேட்டதால்தான் எனக்கே தெரிந்தது" என்றேன்.

ஆசிரிய நண்பர்களே, உருப்பெருக்கி ஆடி ஒன்றும் இரண்டு கற்களும் இருந்தால் போதும், இப்பாடத்தை நடத்திவிடலாம். பெற்றோர்களே, அடுத்த முறை காராக் நெடுஞ்சாலையில் செல்லும்போது, பெந்தோங் அருகே பிள்ளைகளைச் சன்னல் வழியே பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் ஏதேனும் கேட்டு, உங்களுக்கு விடை தெரியாவிட்டால், தெரியாது என்றே சொல்லுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து தேடுங்கள்.